வழுக்காத தரை

வழுக்குமான்னு மட்டும் கேக்காதீங்க டீச்சர். வேற என்ன வேணாலும் கேளுங்க. கலர் மங்குமா, கறை புடிக்குமா, ஆசிட் ஊத்துனா தாங்குமா, எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கேன். வழுக்குமான்னு ஒருத்தர் கேட்டா மட்டும் எனக்கு வலது கை வலிக்க ஆரம்பிச்சிரும். சும்மா சொல்லல, நெசமாவே வலிக்கும்.

உங்க பாத்ரூம அளந்துருவோம், இந்த டேப்போட நுனியக் கொஞ்சம் அந்த மூலையில புடிச்சுக்கங்க. எனக்கு இந்தக் கை முழுசா நீளாது. ஏன்னு பொறவு சொல்றேன். ம், ஏழடி ரெண்டங்குலம். அப்படியே புடிச்சிருங்க, விட்றாதீங்க.

நீங்க ஊருக்குப் புதுசு, அதான் கேட்டுட்டீங்க. இந்த ஊர்ல பொறந்தவன் எவனும் டைல்ஸ் போஸ்கிட்ட அந்தக் கேள்வியக் கேக்க மாட்டான். கேட்டா வம்புக்குத்தான் கேப்பான். சோலை டீக்கடையில போய் நின்னுக்கிட்டு, 'போஸண்ணே தரை வழுக்குமா'ன்னு சும்மா கேட்டுப் பாருங்க. குடிச்சிக்கிட்டிருக்கிற டீயத் துப்பிருவாய்ங்க.

மூணு வருசத்துக்கு முந்தி டீச்சர். நம்ம போலீஸ் ஸ்டேஷன் பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டது நான்தான். அப்ப இருந்த இன்ஸ்பெக்டர் ஆளனுப்பிக் கூப்பிட்டாரு. அவரு பேரு வேணாம், இப்ப வேற ஊர்ல இருக்காரு, நல்லா இருக்கட்டும். பழைய தரை சிமெண்டுத் தரை. பாசி புடிச்சுப் பச்சைப் பசேல்னு கிடந்துச்சு. அது வழுக்கும், நான் இல்லேங்கல. அதைப் பூராம் கொத்தி எடுத்து, தண்ணி ஓடுற வாட்டம் சரி பண்ணி, மேல சொரசொரப்பு டைல்ஸ் போட்டேன். யானைக் கலரு. ரசமட்டத்தை வச்சு வச்சு எடுத்து அரை நாளு வாட்டம் மட்டும் பாத்தேன். ஒரு சொம்பு தண்ணிய ஊத்துனா பத்து எண்றதுக்குள்ள ஓட்டையத் தேடிப் போயிரும்.

முடிச்ச அன்னிக்கு இன்ஸ்பெக்டர் கண்ணு முன்னாடியே சோப்புத் தண்ணிய ஊத்தி, வெறுங்காலோட நடந்து காட்டினேன். தங்கராசு ஏட்டையாவையும் நடக்கச் சொன்னேன். அவரு தொண்ணூத்தஞ்சு கிலோ. கல்யாண மாப்பிள மாதிரி நடந்தாரு. இன்ஸ்பெக்டருக்கு ஒரே சந்தோசம், தேங்கா வாங்கியாரச் சொல்லி வாசல்ல உடைச்சாரு. பாத்ரூமுக்குத் தேங்கா உடைச்ச ஸ்டேஷன் தமிழ்நாட்டுலேயே அது ஒன்னாத்தான் இருக்கும்.

அது வெள்ளிக்கிழமை. அடுத்த வியாழக்கிழமை பேப்பர்ல போட்டிருக்கான்: 'திருட்டு வழக்கில் சிக்கியவர் காவல் நிலையக் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிவு.'

படத்தோட போட்டிருக்கான். ஒரு பய வலது கையில மாவுக்கட்டோட நிக்கிறான், முன்னாடி ரெண்டு போலீஸ், பின்னாடி ஸ்டேஷன் போர்டு. டீக்கடையில உக்காந்து படிச்சிட்டு, கிளாஸைக் கீழ வச்சிட்டேன். சோலை ஆத்திக்கிட்டே கேக்குறான், 'என்னண்ணே, தேங்கா உடைச்சீங்க, கையும் உடைஞ்சிருச்சு போல.' கடையே சிரிக்குது. டீச்சர், முப்பது வருசம் இந்தத் தொழில்ல இருக்கேன். ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், நான் போட்ட தரையில கர்ப்பிணிப் பொம்பளைங்க நடந்திருக்காங்க. ஒருத்தரும் ஒரு குத்தம் சொன்னதில்ல.

நேரா ஸ்டேஷனுக்குப் போனேன். எவனாவது எண்ணெயக் கொட்டியிருப்பாய்ங்களோன்னு சந்தேகம். மண்டி போட்டுத் தடவிப் பாத்தேன். காஞ்சுபோயிக் கிடக்கு. ஏட்டையா வாசல்ல நின்னுக்கிட்டு, 'என்னப்பா தேடுற?'ன்னாரு. 'எந்த எடத்துலய்யா வழுக்குனான்?'னு கேட்டேன். அவரு என்னைய ஒரு மாதிரியாப் பாத்துட்டு, 'போஸு, உனக்கு வேற சோலி இருக்கும்ல, போ'ன்னாரு.

ரெண்டு மாசம் கழிச்சு இன்னொருத்தன் வழுக்குனான், ரெண்டு பேருமே காலனிதான். அவனுக்கும் வலது கை. முழங்கைக்குக் கீழ நாலு விரக்கடை, அதாவது நாலு விரல் அகலம் தள்ளி. முன்னாடி விழுந்தவனுக்கும் அதே நாலு விரக்கடை.

வழுக்குறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும் டீச்சர், அது என் தொழிலு. வழுக்குறவன் மல்லாக்க விழுவான். குண்டியில அடிபடும், பின்மண்டையில அடிபடும். கைய ஊணுனா மணிக்கட்டுப் போகும். இப்படி ரெண்டு பேரு அளவெடுத்த மாதிரி ஒரே எடத்துல ஒடிச்சுக்கிட்டு விழ முடியாது. முடியவே முடியாது. சரி, அப்பப் போலீஸ் பொய் சொல்லுதாக்கும்னு கேப்பீங்க. போலீஸ் எதுக்குப் பொய் சொல்லப்போகுது? போலீஸ் பொய் சொல்லாது. என் தரையும் வழுக்காது. இந்த ரெண்டையும் ஒரே மண்டையில வச்சுக்கிட்டு ஒரு வருசம் திரிஞ்சேன். என் வீட்டுக்காரி பேச்சி ஒருநாள் கேட்டா, 'ரெண்டுல ஒன்னை இறக்கி வச்சாத்தான் என்ன'ன்னு. பொம்பளைக்கு என்ன தெரியும்.

தப்பா எடுத்துக்காதீங்க, உங்களச் சொல்லல.

இதுல பாருங்க, மில்லுக்காரர் மகன் ஒருத்தன். குடிச்சிட்டு காரை ஓட்டி ஒரு மாட்டைக் கொன்னு, மாட்டுக்காரனையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச்சான். அவனையும் அந்த ஸ்டேஷன்லதான் வச்சிருந்தாங்க, சேர் போட்டு. ஒரு பகல் பூராம் இருந்தான். மூணு தடவை பாத்ரூம் போயிருக்கான். போதையில போயிருக்கான் டீச்சர், நல்லா கவனிங்க. வழுக்கல. நான் இதை டீக்கடையில சொன்னேன். 'பாத்தீங்களாய்யா, குடிகாரனே வழுக்காமப் போயிட்டு வர்றான். அப்பக் கோளாறு தரையில இல்ல, போறவன் கால்ல இருக்கு. இந்தக் காலனிக்காரய்ங்களுக்கு டைல்ஸ்ல நடந்து பழக்கமில்ல, பதட்டத்துல காலை வைக்கிறாய்ங்க'ன்னேன்.

நான் சாதி பாக்குற ஆளு இல்ல டீச்சர். பழக்கத்தைச் சொன்னேன். அவ்வளவுதான்.

அந்தக் கடையில சிங்கராயர்னு ஒரு கண்டக்டர், ரிட்டையர் ஆனவரு. அவருக்கும் எனக்கும் தினமும் ஒரு பஞ்சாயத்து ஓடும். அந்தச் சமயத்துல பக்கத்து மாவட்டத்துல ஒருத்தனைக் கால்ல சுட்டுப் புடிச்சாங்க. தப்பி ஓடும்போது சுட்டோம்னு டிவியில சொல்றாங்க. நாலு பேரு உக்காந்து சரியா தப்பான்னு சண்டை போடுறாங்க. எங்க கடையிலயும் அதே சண்டை. நான் சொன்னேன், 'ஓடுனா சுடத்தான் செய்வாங்க. ஓடாம இருக்கணும். ஒவ்வொருத்தனும் ஒழுங்கா இருந்தா போலீஸுக்கு என்ன வேலை?' கண்டக்டர் பேப்பரை மடிச்சு வச்சிட்டு மெதுவாக் கேக்குறாரு, 'ஏம்ப்பா போஸு, ஓடுறவனுக்கு முன்பக்கம், மொழங்கால் சில்லுல எப்படிப்பா குண்டு பட்டுச்சு?'

நான் ஒரு நிமிசம் யோசிச்சேன். 'திரும்பிப் பாத்துருப்பான்'னேன்.

கடையில எல்லாரும் சிரிச்சாய்ங்க. நான் ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன். கண்டக்டர் சிரிக்கல. 'சும்மாவா புடிப்பாய்ங்க, ஏதாச்சும் பண்ணிருப்பான்'னு நான் கடைசியா ஒன்னு சொல்லுவேன், அது என்னோட முத்திரை வசனம். அதையும் சொல்லிட்டு எந்திரிச்சு வந்தேன்.

இப்பப் பூவரசன் கதைக்கு வரேன். டேப்பை விடாதீங்க.

பூவரசன் தண்ணி கேன் போடுற பய. பயன்னா முப்பது வயசு இருக்கும், கல்யாணமாகி ஒரு புள்ள. காலனிதான். எங்க தெருவுக்குப் பூராம் அவன்தான் கேன். தோள்ல ஒன்னு, கையில ஒன்னுன்னு மாடிக்குக் கூடத் தூக்கிட்டு ஏறிருவான். எங்க வீட்டுக்குப் பின்வாசல் வழியா வந்து வச்சிட்டுப் போவான். முன்வாசல்ல வரமாட்டான். நாங்க ஒன்னும் சொல்லல, அவனா வரமாட்டான்.

ஒருநாள் மில்லுக்காரர் வீட்டம்மா சங்கிலியக் காணோம். குளிக்கப் போகும்போது துவைக்கிற கல்லுமேல கழட்டி வச்சேன், பதினோரு மணிக்கு வந்து பாத்தா இல்லேன்னாங்க. அவங்க வீட்டு கேமராவுல பூவரசன் வண்டி தெருவத் தாண்டிப் போறது தெரியுது. புடிச்சிட்டாங்க. ரெண்டாம் நாளு பேப்பர்ல போட்டான்: 'கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிவு.' வலது கை. நாலு விரக்கடை.

பத்து நாள் கழிச்சு அந்தச் சங்கிலி அந்தம்மா பீரோவுல, சேலை மடிப்புக்குள்ள கிடந்துச்சு, இவனை வெளிய விட்டாங்க. அது வேற விசயம். மறதி யாருக்கும் வரும். ஆனா நான் டீக்கடையில என்ன சொன்னேன்னா, 'அவன் அந்த நேரத்துல அந்தத் தெருவுக்கு ஏன் போகணும்? அதுவும் ஒரு தப்புத்தானே.'

எங்க வீட்டுக்குத்தான் வந்தான் டீச்சர். மில்லுக்காரர் தெருவத் தாண்டித்தான் எங்க தெரு. அன்னிக்குப் பதினோரு மணிக்கு அவன் எங்க பின்வாசல்ல கேன் மாத்திக்கிட்டிருந்தான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, கடிகாரத்தைப் பாத்து, 'பத்து மணிக்கு வரவேண்டியவன் பதினோரு மணிக்கு வர்றியே'ன்னு நான்தான் வஞ்சேன். பேச்சி கூட, 'ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிட்டு வாங்க'ன்னு சொன்னா. நான் போகல. என்னைய யாரும் கேக்கலையே. கேட்டிருந்தாச் சொல்லிருப்பேன். கேக்காம நம்மளாப் போய் மூக்கை நுழைச்சா, அவனுக்கும் உனக்கும் என்னன்னு கேப்பாங்க.

பூவரசனுக்கு ஒரு தங்கச்சி, காலேஜ் படிக்கிற புள்ள. அது கோர்ட்டுல மனு போட்டுருச்சு. எங்கண்ணன் வழுக்கல, அடிச்சாங்கன்னு. விசாரிக்க மாஜிஸ்திரேட் அம்மா நேர்லயே வந்து பாத்ரூமப் பாக்கப்போறாங்கன்னு சேதி. இன்ஸ்பெக்டர் என்னையக் கூப்பிட்டு விட்டாரு. டீ வாங்கிக் குடுத்தாரு. தோள்ல கை போட்டாரு.

'போஸு, ஒரு சின்ன உதவி. அந்தம்மா கேட்டா, டைல்ஸ் கொஞ்சம் வழுவழுப்புத்தான், வாட்டமும் சரியில்லன்னு சொல்லிரு. முடிஞ்சு போச்சு.'

'சார், என்னைய வேற என்ன வேணாலும் சொல்லச் சொல்லுங்க'ன்னேன். 'படியில விழுந்தான்னு சொல்லுங்க சார். அந்தப் படி பழசு, நான் கட்டல. இல்லாட்டி செவுத்துல முட்டிக்கிட்டான்னு சொல்லுங்க, செவுரும் நான் கட்டல. ஜன்னல் இருக்கு, கேட்டு இருக்கு, எத்தனையோ இருக்கு. தரைய மட்டும் விட்டுருங்க.'

'ரிப்போர்ட்டுல தரைன்னு எழுதியாச்சுப்பா.'

'என்னையக் கேட்டுட்டு எழுதியிருக்கக்கூடாதா சார்?'

அவரு சிரிச்சாரு. நான் சிரிக்கல. அவருக்கு அது ஒரு வரி. எனக்கு அது முப்பது வருசம். அந்த ஒரு வருசத்துல எத்தனை வீட்டு வேலை வேற ஆளுக்குக் கைமாறிப் போச்சு தெரியுமா? புது வீடு கட்டிக்கிட்டிருந்த எலும்பு டாக்டர் கூட, 'உங்க தரையினால எனக்கு நல்ல வரும்படி, ஆனா என் வீட்டுக்கு வேணாம்'னுட்டாரு. என் பேரு இந்த ஊர்ல சிரிப்பாச் சிரிச்சுக்கிட்டிருந்துச்சு டீச்சர். அதை நானே என் வாயால முத்திரை குத்தித் தரணுமாம்.

மாஜிஸ்திரேட் அம்மா வந்தாங்க. சின்ன வயசு, பருத்திச் சேலை, கண்ணாடி. கூட எழுதுறதுக்கு ஒருத்தர். பூவரசன் தங்கச்சியும் வக்கீலும் ஓரமா நின்னாங்க. பூவரசன் மாவுக்கட்டோட நின்னான், என்னையப் பாத்தான். நான் தரையப் பாத்தேன். அந்தம்மா கேட்டாங்க, 'இந்தத் தரை வழுக்குமா?'

இன்ஸ்பெக்டர் தொண்டையச் செருமுனாரு.

பைக்குள்ள இருந்து ஷாம்பு பாட்டிலை எடுத்தேன், தேங்கா எண்ணெய எடுத்தேன். வேணும்னேதான் கொண்டு போயிருந்தேன், ஒத்துக்கிறேன். ரெண்டையும் தரையில ஊத்துனேன், மேல ஒரு சொம்பு தண்ணி. செருப்பைக் கழட்டிட்டு, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நடந்தேன். திரும்பி நடந்தேன். நொண்டியடிச்சேன். ஒரு சுத்து சுத்துனேன். ஏட்டையாவக் கூப்பிட்டேன், 'வாங்கய்யா, அன்னிக்கு நடந்தீங்கள்ல'ன்னேன். அவரு வேர்த்து விறுவிறுத்து நிக்கிறாரு. அந்தம்மாவே அவரைப் பாத்து, 'நடங்க'ன்னாங்க. நடந்தாரு. தொண்ணூத்தஞ்சு கிலோ இப்ப நூறு ஆயிருக்கும். அசையல.

எனக்குப் பெருமை தலைக்கேறிருச்சு டீச்சர். சொன்னேன்: 'அம்மா, இந்தத் தரையில ஒருத்தன் விழணும்னா, நாலு பேரு சேந்து தள்ளி விட்டாத்தான் உண்டு.'

எழுதுறவரு சட்டுன்னு நிமிர்ந்தாரு. அந்தம்மா, 'அதை அப்படியே எழுதிக்கங்க'ன்னாங்க. பேனா பேப்பர்ல உரசுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. இன்ஸ்பெக்டர் முகத்தப் பாத்தேன். அப்பத்தான், என்னத்தையோ சொல்லிட்டோம்னு ஒறைச்சுச்சு.

'இவரைத் தெரியுமா?'ன்னு பூவரசனைக் காட்டிக் கேட்டாங்க. 'தண்ணி கேன் போடுறவன்மா'ன்னேன். 'வேற ஏதாவது சொல்லணுமா?'

'தரைக்குப் பத்து வருசம் கேரண்டிம்மா'ன்னேன்.

இன்ஸ்பெக்டருக்கு மாத்தல் வந்துருச்சு. டீக்கடையில ஒரே கொண்டாட்டம். எனக்கு வேலையும் திரும்ப வர ஆரம்பிச்சிருச்சு. காலனியில இருந்து பத்துப் பேரு ஒரு சால்வையோட வீட்டுக்கு வந்துட்டாய்ங்க. எனக்குக் கூச்சமாப் போச்சு. 'நான் உங்களுக்காகச் சொல்லலப்பா, தரைக்காகச் சொன்னேன்'னேன். அவய்ங்க கேக்கல, வாசல்லயே போத்தி விட்டாய்ங்க. உள்ள வாங்கன்னு கூப்பிடலாம்னுதான் பாத்தேன். பேச்சி அப்பத்தான் வீட்டைக் கழுவி விட்டிருந்தா. 'ஈரமா இருக்குப்பா, வழுக்கிரும்'னு சொல்லிட்டேன்.

அவய்ங்க போனப்புறம் பேச்சி என்னையப் பாத்துக்கிட்டே இருந்தா. 'நம்ம வீட்டுத் தரையும் நீங்க போட்டதுதானே'ன்னா. அன்னிக்கு ராத்திரி சோத்துல உப்பு இல்ல.

ஒரு மாசத்துல பூவரசனுக்குக் கட்டைப் பிரிச்சாச்சு. ஆனா அந்தக் கைய வச்சு வெயிட்டு தூக்க முடியல. இடது தோள்ல ஒத்தக் கேனை மட்டும் வச்சுக்கிட்டு மெதுவா வந்தான். வச்சிட்டு நின்னான்.

'அண்ணே, அன்னிக்குப் பதினோரு மணிக்கு நான் இங்கதானே இருந்தேன். லேட்டுன்னு வஞ்சீங்களே.'

'ஆமாப்பா.'

'அதை ஏண்ணே சொல்லல?'

'அந்தம்மா தரையப் பத்தித்தானப்பா கேட்டாங்க.'

அவன் காலிக் கேனை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். கோவமா ஒரு வார்த்தை சொல்லிருந்தா நல்லா இருந்திருக்கும். ஒன்னுமே சொல்லாமப் போனதுல எனக்கு நாலஞ்சு நாளு சோறு எறங்கல. நான் அவனுக்கு நல்லதுதானே பண்ணினேன், இவன் என்னத்துக்கு இப்படிப் பாக்குறான்னு எனக்குக் கோவம். கோவந்தான் டீச்சர், வேற ஒன்னுமில்ல. அப்படித்தான் அப்ப நெனச்சேன்.

அதுக்கடுத்த வாரம் சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஏட்டையா வண்டியில வந்தாரு. 'போஸு, ஒரு கையெழுத்து போடணும், வா'ன்னாரு. நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போனேன். கையெழுத்துன்னா எல்லாரும் நல்ல சட்டைதானே போடுவோம். ஸ்டேஷன்ல எந்தப் பேப்பரையும் எடுக்கல. 'பாத்ரூம்ல ஒரு டைல்ஸ் ஆடுது, பாரு'ன்னாங்க. நான் தொழில்காரன், குனிஞ்சு பாத்தேன். ஆடவே இல்ல. இதைச் சொல்றதுக்கு நிமிர்ந்தேன், கதவைச் சாத்திட்டாங்க.

பெருசாச் சொல்றதுக்கு ஒன்னுமில்ல. 'நாலு பேரு சேந்து தள்ளணுமா? ஒரு ஆளு போதும்'னு ஏட்டையா சொன்னது ஞாபகம் இருக்கு. ஓரத்துல ஒரு எடத்துல டைல்ஸ் சந்துல சிமெண்டு விட்டுப்போயிருந்துச்சு, அதையே பாத்துக்கிட்டிருந்தேன். கை ஒடிஞ்ச சத்தம் டைல்ஸ் உடையிற மாதிரிதான் கேட்டுச்சு. நான் வழுக்கல. நின்ன எடத்துலயே உக்காந்தேன். உக்காந்த எடத்துல ஈரம் இருந்துச்சு, அப்பவும் வழுக்கல.

என் மேலயும் தப்பு இருக்குன்னு வச்சுக்கங்க. கூப்பிட்ட உடனே எதுக்குப் போகணும்?

ஆஸ்பத்திரிக்கு அவங்க வண்டியிலயே கூட்டிட்டுப் போனாங்க. வழியில சோலை கடை முன்னாடி ரயில்வே கேட்டு மூடியிருந்துச்சு, வண்டி நின்னுச்சு. கடையில இருந்தவய்ங்க எட்டிப் பாத்தாய்ங்க. யாரோ ஒருத்தன் சொல்றான், எனக்கு நல்லாக் கேட்டுச்சு: 'சும்மாவா புடிப்பாய்ங்க, ஏதாச்சும் பண்ணிருப்பான்.'

அது என் சொல்லு டீச்சர். நான் அந்தக் கடையில பெஞ்சைத் தட்டித் தட்டிச் சொன்ன சொல்லு. ஒரு எழுத்து மாறல. கை வலியில கூட எனக்கு அழுகை வரல, அப்ப வந்துச்சு. கண்டக்டர் மட்டும் எந்திரிச்சு வண்டிகிட்ட வந்தாரு. ஜன்னல் வழியா அவரு துண்டைக் குடுத்தாரு, கையைத் தாங்கிக்கிறதுக்கு.

ஆஸ்பத்திரியில ஒரு டாக்டர் தம்பி, தங்கமான முகம். பக்கத்துல ஏட்டையா. நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே அந்தத் தம்பி எழுதிக்கிட்டிருக்கு. நான் எட்டிப் பாத்தேன். 'கழிவறையில் வழுக்கி விழுந்ததில்...'

'தம்பி, அதை அடிங்க'ன்னேன்.

டாக்டர் நிமிர்ந்தாரு. ஏட்டையாவைப் பாத்தாரு. குரலை எறக்கி, 'ஏங்க, இப்படியே இருக்கட்டும், உங்களுக்குத்தான் நல்லது. எல்லாரும் இப்படித்தான் எழுதச் சொல்லுவாங்க'ன்னாரு.

'எல்லாரும் சொல்லலாம் தம்பி. அது அவங்க போட்ட தரை இல்ல. அது நான் போட்ட தரை. நான் எப்படி அதுல வழுக்குவேன்?'

ஏட்டையா, 'போஸு...'ன்னாரு.

எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ. 'வழுக்கலன்னு எழுதுங்க. அடிச்சாங்கன்னு எழுதுங்க. நான் மட்டும் இல்ல, அந்தத் தரை போட்ட நாள்ல இருந்து அதுல ஒருத்தனும் வழுக்கல. முதல்ல வந்தவன் வழுக்கல. ரெண்டாவது வந்தவன் வழுக்கல. பூவரசன் வழுக்கல. ஒருத்தனும் வழுக்கல தம்பி. எழுதுங்க.'

சொல்லி முடிச்சப்புறந்தான் நான் சொன்னது என் காதுல விழுந்துச்சு. ஒரு வருசமா மண்டையில ரெண்டு வச்சிருந்தேன்னு சொன்னேன்ல, அதுல ஒன்னு எறங்கிப் போச்சு. எது எறங்குச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

டாக்டர் அந்த வரிய அடிச்சாரு, அடிச்சிட்டு எழுதுனாரு. அது வரைக்கும் அந்த ஆஸ்பத்திரியில அப்படி ஒரு வரி எழுதினதே இல்லையாம், பொறவு சொன்னாரு. 'வேற ஏதாவது?'ன்னு கேட்டாரு. வழக்கமாக் கேக்குறதுதான். வேற எங்க அடிபட்டுச்சுன்னு கேக்குறாரு.

'இருக்கு. சங்கிலி காணாமப் போன அன்னிக்குப் பதினோரு மணிக்குப் பூவரசன் என் வீட்டுப் பின்வாசல்ல கேன் மாத்திக்கிட்டிருந்தான். நான் கண்ணால பாத்தேன். வஞ்சேன். அதையும் எழுதுங்க.'

'அது உங்க காயக் குறிப்புல வராதுங்க.'

'ஓரத்துல எடம் இருக்குல்ல தம்பி. அதுல எழுதுங்க.'

எழுதுனாரு டீச்சர். பொடி எழுத்தா, பேப்பரைத் திருப்பி, ஓரத்துல எழுதுனாரு.

என்ன டீச்சர், நுனிய விட்டுட்டீங்க. புடிங்க. இன்னும் ஒரு பக்கம் அளக்கல.